நான்கு சக்கரங்களின் மேல் ஒரு வீடு: தச்சரை அழைப்பதற்கு முன்

நம் தெருக்களில் நாள்தோறும் பொட்டலங்களை இறக்கிச் செல்லும் மூடிய வேன்களில் நடுத்தர அளவுள்ள ஒன்றின் பின்கதவைத் திறந்து பாருங்கள். ஏறத்தாழ 3.2 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம், 1.9 மீட்டர் உயரம் கொண்ட ஒரு வெற்றறை தெரியும். பரப்பு 55 சதுர அடி. அதில் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, கூரைமேல் ஒரு சூரிய மின்தகடு ஆகியவற்றைப் பொருத்தி, நாடெங்கும் சுற்றி வாழலாம் என்ற ஆசை இன்று பலருக்கு இருக்கிறது. எங்கிருந்தும் கணினியில் பணிபுரியக்கூடிய இளைஞர்களுக்கு இருக்கிறது. பணி ஓய்வுப் பணம் கைக்கு வந்த தம்பதியருக்கு அதைவிட அதிகமாகவே இருக்கிறது. நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த வேன்கள் பழைய வண்டிச் சந்தையில் கிடைப்பதால், ஒரு வண்டியை வாங்கித் தச்சரை அழைத்துவிட்டால் போதும் என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் தச்சரிடம் போவதற்கு முன் போக வேண்டிய இடங்கள் மூன்று உண்டு: வட்டார போக்குவரத்து அலுவலகம், வங்கி, காப்பீட்டு நிறுவனம். உள்ளே எத்தனை அழகாக அலங்கரித்தாலும் இம்மூன்றின் கண்ணிலும் அது வண்டியே, வீடன்று. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் செலவுகளும் சிக்கல்களும் பெரும்பாலும் பிறக்கின்றன.

சட்டம் எங்கே தடுக்கிறது?

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று கூறுகிறது. இதை எவ்வளவு கண்டிப்பாகப் பொருள்கொள்வது என்பதில் முன்பு கருத்து வேறுபாடு இருந்தது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது. உற்பத்தியாளருக்கு வழங்கப்பட்ட மாதிரி ஒப்புதலுக்கு முரணான மாற்றத்தைப் பதிவுசெய்ய இயலாது என்று அந்தத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது. வண்டியின் நிறத்தை மாற்றுவதையும் சிறு உபகரணங்களைப் பொருத்துவதையும் அது தடுக்கவில்லை. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின் 182அ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பக்கத் தகட்டை வெட்டிச் சன்னல் வைப்பது ஒன்று. கூரையை உயர்த்துவது இன்னொன்று. பின்பகுதியில் இருக்கை பொருத்துவது மற்றொன்று.

விநியோக வேனுக்கு இதில் கூடுதல் இடையூறும் உண்டு. அது சரக்கு வாகனமாகப் பதிவானது. மஞ்சள் எண்பலகை கொண்டது. எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று, அதாவது நாம் பேச்சில் எஃப்.சி. என்று சொல்வது, பெற வேண்டும். ‘மோட்டார் கேரவன்’ என்பதோ பயணியர் வாகன வகையைச் சேர்ந்தது. இருக்கையும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகியவை நிலையாகப் பொருத்தப்பட்ட வண்டியே கேரவன் என்று கொள்ளப்படுகிறது. அதற்கான ஒப்புதல் முறையை ஏ.ஐ.எஸ். 124 என்ற வாகனத் தரநிலை வகுக்கிறது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட், சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ஆய்வு மையம் போன்ற அமைப்புகள் வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்கின்றன. இந்தச் சோதனை, ஒரே வடிவில் பல வண்டிகள் கட்டும் நிறுவனத்தை மனத்தில் கொண்டு அமைந்தது. தன் வீட்டு வாசலில் ஒரே ஒரு வேனை மாற்றிக்கொள்ளும் தனியாளுக்கு அது எளிதில் எட்டும் வழியன்று.

ஆகவே நடைமுறையில் எஞ்சுபவை இரண்டு வழிகள். ஒப்புதல் பெற்ற கேரவனை, அத்தகைய ஒப்புதல் உடைய உடற்கட்டு நிறுவனத்திடமிருந்து, கேரவன் என்ற வகையிலேயே பதிவுசெய்து வாங்குவது முதல் வழி. விலை கூடுதல், ஆனால் நெடுஞ்சாலையில் எந்த மாநிலத்து அலுவலர் நிறுத்தினாலும் காட்டத் தக்க பதிவுச் சான்று கையில் இருக்கும். வேனின் உடற்பகுதியை வெட்டாமல், இருக்கைகளைக் கூட்டாமல், கழற்றி எடுக்கக்கூடிய கட்டில், பெட்டி, அடுப்பு ஆகியவற்றை மட்டும் உள்ளே வைத்துக்கொள்வது இரண்டாவது வழி. செலவு குறைவு. ஆனால் சரக்கு வாகனத்தின் பின்பகுதியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது விதிமீறல் என்பதால், நின்ற இடத்தில் உறங்கலாமே தவிர, ஓடும்போது பின்னால் ஒருவர் படுத்துக்கொண்டு வர முடியாது. ஓட்டுநருக்கு அருகில் உள்ள இருக்கைகளே பயணத்திற்கு உரியவை. குழந்தைகள் உள்ள குடும்பம் இந்த வழியை நினைக்காமல் இருப்பதே நல்லது. எந்த வழியாயினும், வேலையைத் தொடங்குமுன் பதிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்து மூலம் பெற்றுக்கொள்ளுங்கள். ஒப்புதலுடன் செய்யும் மாற்றத்தையும் 14 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிவுச் சான்றில் குறிக்கச் செய்ய வேண்டும்.

கடன்

‘இது வீடுதானே, வீட்டுக் கடன் கிடைக்குமா?’ என்பது வேடிக்கையாகக் கேட்கப்படும் கேள்வி அன்று, உண்மையாகவே கேட்கப்படுவது. கிடைக்காது. வீட்டுக் கடனுக்கு ஈடாக நிற்பது அசையாச் சொத்து. 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் அடமானம் என்று கூறுவதும் அசையாச் சொத்தில் உள்ள உரிமையைப் பற்றியதே. வேன் அசையும் பொருள். அதன்மேல் கொடுக்கப்படும் கடன் ஹைப்பாதிகேஷன் முறையைச் சார்ந்தது: வண்டி உங்களிடம் இருக்கும், அதன்மேல் வங்கிக்கு உள்ள பற்றுரிமை பதிவுச் சான்றில் எழுதப்பட்டிருக்கும். வருமான வரிச் சட்டம் வீட்டுச் சொத்து என்று கொள்வதும் கட்டடத்தையும் அதையொட்டிய நிலத்தையும்தான். எனவே வீட்டுக் கடன் வட்டிக்கு உள்ள வரிச் சலுகையும் இதற்கு இல்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பட்டியல் விலை 12 லட்சம் ரூபாய் உள்ள வண்டிக்கு 10 லட்சம் கடன். ஐந்து ஆண்டுத் தவணை. வட்டி 10 சதவீதம். இது கணக்கின் வசதிக்காக எடுத்துக்கொண்ட விகிதமே. மாதத் தவணை 21,247 ரூபாய். ஐந்து ஆண்டில் கட்டி முடிக்கும் தொகை ஏறத்தாழ 12 லட்சத்து 75 ஆயிரம். அந்த ஐந்தாம் ஆண்டில், காப்பீட்டுத் துறையின் தேய்மான அட்டவணைப்படி அந்த வண்டியின் மதிப்பு பட்டியல் விலையில் பாதி, அதாவது 6 லட்சம். வீட்டுக் கடனைக் கட்டி முடிப்பவரின் கையில் நிலமாவது மிஞ்சும். பெரும்பாலும் அதன் விலையும் ஏறியிருக்கும். வேன் கடனைக் கட்டி முடிப்பவரின் கையில் பழைய வண்டி மிஞ்சும். பயணத்தின் மகிழ்ச்சிக்கு விலை கிடையாது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதைச் செலவு என்றே கருதுங்கள்; சேமிப்பு என்று கருத வேண்டாம். உள் அலங்காரத்திற்காகத் தனிநபர் கடன் வாங்குவோர் இதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். அக்கடனுக்குப் பொதுவாக வாகனக் கடனைவிட வட்டி அதிகம்; மரப்பெட்டிகளுக்கு மறுவிற்பனையில் மதிப்பு மிகக் குறைவு.

கடன் நிலுவையில் இருக்கும் வண்டியில் கைவைப்பதாக இருந்தால் கடன் கொடுத்த வங்கியிடம் முதலில் எழுதிக் கேட்க வேண்டும். வண்டியின் உருவம் மாறினால் வங்கியின் பிணையும் மாறுகிறது. பழைய வேன் வாங்குவோர் பதிவுச் சான்றில் முந்தைய உரிமையாளரின் ஹைப்பாதிகேஷன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடன் தீர்ந்துவிட்டது என்று விற்பவர் வாய்மொழியாகச் சொல்வது போதாது. கடன் கொடுத்த நிறுவனம் கையொப்பமிட்ட படிவம் 35, உரிமை மாற்றத்திற்கான படிவம் 29, படிவம் 30, வேறு மாநிலத்து வண்டியானால் படிவம் 28 வழியே பெறும் தடையின்மைச் சான்று, நிலுவையில் உள்ள அபராதச் சலான்கள் ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னரே முழுத் தொகையைக் கொடுங்கள். விநியோகத்தில் ஓடிய வண்டிகள் நாள் முழுதும் நின்று நின்று ஓடியவை. கிளட்சும் பிரேக்கும் எப்படித் தேய்ந்திருக்கும் என்பதை நம்பகமான மெக்கானிக் ஒருவர் பார்ப்பது நல்லது.

காப்பீடும் முகவரியும்

மூன்றாம் தரப்புக் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, வண்டியுடன் நிறுவனம் தராத பொருத்துகைகள் தனியே அறிவிக்கப்பட்டு அவற்றிற்குப் பிரீமியம் கட்டப்பட்டால்தான் காப்பீட்டில் அடங்கும் என்பது. 2 லட்சம் ரூபாய்க்கு மின்கலமும் குளிர்பெட்டியும் பொருத்திவிட்டு அறிவிக்காமல் விட்டால், வண்டி எரிந்துபோனாலும் அந்த 2 லட்சம் கணக்கில் வராது. இன்னும் பெரிய ஆபத்து, பதிவுச் சான்றுக்கு மாறான மாற்றத்தைக் காரணம் காட்டி முழு இழப்பீட்டுக் கோரிக்கையையே நிறுவனம் மறுக்க இடமுண்டு என்பது. உள்ளே இருக்கும் துணிமணி, மடிக்கணினி, நகை ஆகியவை மோட்டார் காப்பீட்டில் சேர்வதில்லை. நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

முகவரி பற்றி ஒரு சொல். வாடிக்கையாளர் அளித்த ஆவணங்களில் மாற்றம் ஏற்பட்டால் 30 நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வண்டியின் பதிவெண் முகவரி ஆகாது. குடியிருந்த வீட்டைக் காலிசெய்துவிட்டுக் கிளம்புவோர், உறவினர் வீடு போன்ற உண்மையான ஒரு முகவரியை ஆதாரிலும் வங்கியிலும் ஒன்றுபோல் வைத்துக்கொள்ளாவிட்டால், கே.ஒய்.சி. புதுப்பிக்கும் காலத்தில் கணக்கு முடங்கலாம். வெகுதொலைவில் இருக்கும்போது டீசலுக்குப் பணம் எடுக்க முடியாமல் போகலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கட்டடத்தில் வசிக்காத குடும்பங்கள் வீடற்றோர் என்ற பிரிவில் வருகின்றன. 2011 இல் அவர்களை எண்ணுவதற்கென்றே பிப்ரவரி 28 இரவு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வரையறையை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், பல லட்சம் ரூபாய்க்கு வேனை மாற்றி அதில் உறங்குபவரும் அரசின் ஏட்டில் வீடற்றவரே!

இன்னொரு கால வரம்பும் உண்டு. வேறொரு மாநிலத்தில் வண்டி 12 மாதங்களுக்கு மேல் தங்கினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அம்மாநிலத்தின் சாலை வரியும் உடன் வரும். கோவாவிலேயே தங்கிவிட விரும்புவோர் இதை மறந்துவிடக் கூடாது.

உள்ளே என்ன வைப்பது?

முதற் கேள்வி படுக்கை. அகலம் 1.6 மீட்டர்தான் என்பதால் ஐந்தரை அடி உயரமுள்ளவர் குறுக்கே கால் நீட்டிப் படுக்க முடியாது. நீளவாட்டில் கட்டில் போட்டால் 3.2 மீட்டரில் 1.9 போய்விடும். மீதி 1.3 மீட்டர் இடத்தில் சமையல், தண்ணீர், மின்கலம், நடமாட்டம் எல்லாம் அடங்க வேண்டும். இணையத்தில் காணும் அழகிய வேன் வீடுகள் பல, வெளிநாடுகளில் ஓடும் நீண்ட, உயர்ந்த வண்டிகளில் கட்டப்பட்டவை. அந்தப் படங்களைத் தச்சரிடம் காட்டுமுன் அளவுநாடாவைப் பிடித்துப் பாருங்கள்.

வெயிலில் நிற்கும் எஃகுப் பெட்டியில் வெப்பமே முதல் பகைவன். தகட்டுக்கும் உட்பலகைக்கும் இடையே ஈரத்தை உறிஞ்சாத நுரைத் தகடு வேண்டும். கண்ணாடிப் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். தெர்மகோல் எளிதில் தீப்பற்றும். இமயமலைப் பகுதிகளில் பகைவன் வேறு: இருவர் மூச்சிலிருந்து வரும் நீராவி இரவில் குளிர்ந்த தகட்டில் நீராகப் படிந்து மெத்தையை நனைக்கும். இரண்டுக்கும் மருந்து காற்றோட்டமே. தாழ்ந்த இடத்தில் காற்று நுழையவும் உயர்ந்த இடத்தில் வெளியேறவும் வழி இருக்க வேண்டும். கூரையைத் துளைக்க அனுமதி இல்லையென்றால், கதவிடுக்குகளையும் முன்சன்னல்களையும் வலையிட்டுப் பயன்படுத்துவதுதான் எஞ்சிய வழி.

மின்சாரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. 28 வாட் மின்விசிறி பத்து மணி நேரம், 10 வாட் விளக்கு ஐந்து மணி நேரம், 60 வாட் மடிக்கணினி ஐந்து மணி நேரம், கோடையில் சிறிய குளிர்பெட்டிக்கு ஏறத்தாழ 450 வாட்-மணி. எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 1,100 வாட்-மணியை ஒட்டி வரும், அதாவது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் மின்கலம் ஒன்றில் 1,280 வாட்-மணி உண்டு. எடை பன்னிரண்டு கிலோ அளவில். வீட்டு இன்வெர்ட்டரில் வைக்கும் 150 ஆம்பியர்-மணி ஈயமின்கலத்தின் கொள்ளளவு காகிதத்தில் 1,800. அது நெடுநாள் உழைக்க வேண்டுமானால் பாதியைத்தான் எடுக்கலாம். எடையோ 50 கிலோவுக்கு மேல். வண்டிக்கு எது ஏற்றது என்பது சொல்லாமலே விளங்கும். 400 வாட் சூரியத் தகடு தெளிந்த நாளில் இந்தத் தேவையை ஈடுகட்டும், மழைக்காலத்தில் ஈடுகட்டாது. ஓர் இக்கட்டும் உண்டு: தகடு வேலைசெய்ய வண்டி வெயிலில் நிற்க வேண்டும், உள்ளே இருப்பவருக்கோ நிழல் வேண்டும். ஏ.சி. பற்றிக் கேட்பவர்களுக்கு: 1,000 வாட் எடுக்கும் ஏ.சி. எட்டு மணி நேரம் ஓட 8,000 வாட்-மணி தேவை. மேற்சொன்ன மின்கலங்கள் ஏழு வேண்டும். அவற்றை மறுநாள் மாலைக்குள் நிரப்பும் அளவுக்குக் கூரையில் இடம் இல்லை.

அப்போது சிலர் ஜெனரேட்டரை நாடுகிறார்கள். இங்கே சற்று நின்று படியுங்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று பின்னர் ஆய்வில் தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, உறங்குபவரை எழுப்பாது. மூடிய வேனுக்குள் கரியடுப்பு மூட்டுவதும் குளிருக்காகக் கேஸ் அடுப்பை எரியவிட்டு உறங்குவதும் இதே வகை ஆபத்துகள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கித் தலைமாட்டில் பொருத்தாமல் ஓர் இரவும் உறங்கக் கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆதலால் சிலிண்டர் பெட்டிக்குத் தரைமட்டத்தில் வெளியே திறக்கும் துளை வேண்டும். முகவரிச் சான்று இல்லாமல் அடையாளச் சான்றை மட்டும் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் பயணிகளுக்கு வசதியானது. ஆயினும் வானிலை இடம்கொடுக்கும் நாட்களில் அடுப்பை வெளியே வைத்துச் சமைப்பதே மேல்.

எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு நம் நாட்டில் இன்னும் முழுமையான விடை இல்லை. கேரளமும் மகாராஷ்டிரமும் 2021 இல் கேரவன் சுற்றுலாக் கொள்கைகளை அறிவித்தன. கேரவன் பூங்காக்களுக்கு அவை இடம் தருகின்றன. மற்ற இடங்களில் பெட்ரோல் நிலையம், தாபா, தங்கும் விடுதியின் வளாகம் என்று அனுமதி கேட்டு நிறுத்துவதே வழக்கம். பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளின்றி விடப்பட்ட வண்டியை அப்புறப்படுத்த மோட்டார் வாகனச் சட்டம் காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. உள்ளே ஆள் இருந்தாலும், கிராமத்து எல்லையில் நள்ளிரவில் நிற்கும் சன்னலற்ற சரக்கு வேன் ஊராரின் ஐயத்துக்கு உள்ளாவது இயல்பு. இருட்டுமுன் போய்ச் சேர்ந்து, ஒரு கடையில் தேநீர் குடித்து, யார் எவர் என்று சொல்லி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

இருக்கும் வீட்டை விற்று வேன் வாங்க நினைக்கும் மூத்த வாடிக்கையாளர்களுக்கு என் கருத்து இது: விற்காதீர்கள். வாடகைக்கு விடுங்கள். கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மழைக்காலத்தில் இரண்டு வாரம் இருவரும் அதில் வாழ்ந்து பாருங்கள். முழங்கால் வலியோடு நள்ளிரவில் கழிப்பறை தேடுவது எப்படியிருக்கும் என்பதை எந்த ஆலோசகரும் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது.

எல்லாம் முடிந்து புறப்படும் நாளில் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள எட்டுக்கு நான்கு அடிப் பிளைவுட் பலகை ஒன்றின் எடை ஏறத்தாழ 35 கிலோ. பத்துப் பலகை செலவானால் 350 கிலோ. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. இவற்றோடு மின்கலம், சிலிண்டர், குளிர்பெட்டி, இரண்டு பேர், அவர்களின் மூட்டைகள். தொட்டியை நிரப்பி, எல்லாவற்றையும் ஏற்றி, லாரிகள் நிற்கும் எடை மேடைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறையும், முழு வண்டியையும் ஏற்றி ஒருமுறையும் நிறுத்துப் பார்த்து, சீட்டில் வரும் மொத்த எடையைப் பதிவுச் சான்றில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் முதலில் இறங்க வேண்டியது பிளைவுட்.